நழுவும் பனிமலை!

ஊட்டிக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? போனவர்களில் சிலர் அவலாஞ்சி ஏரியையும் பார்த்திருப்பீர்கள். சோலைக்காடு, ஏரி, மூடுபனி என்று மிகவும் அழகான இடம். அந்தப் பெயர் தமிழ்ப் பெயர் போலவே ஒலிக்கிறது அல்லவா? ஆனால், அது தமிழ் அல்ல! 'அவலாஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்தான் நம்மவர் வாயில் புகுந்து அவலாஞ்சி ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரியதொரு மலைச்சரிவு ஏற்பட்டது. அதனால் வெள்ளைக்காரர்கள் அந்த இடத்துக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவலாஞ்சியில் சரிந்தது மண். அவலாஞ்ச் என்றால் பெரும்பாலும் பனிச்சரிவு. மலைமேல் குவிந்து கிடக்கும் பனி திடீரென்று நழுவி, வழியில் இருப்பதையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்குவதுதான் பனிச்சரிவு. நம் ஊரில் அது கிடையாது. நமக்குப் பனி என்றால் மார்கழி மாதக் காலையில் புல்லின்மேல் உட்கார்ந்திருக்கும் துளி. காலையில் பஸ் வெளிச்சத்தை மறைக்கும் புகை போன்றதும் பனிதான். ஊட்டிப் புல்வெளி டிசம்பர், ஜனவரியில் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்குமே, அதற்கும் உறைபனி என்றுதான் பெயர். ஐஸ் பெட்டியில் இருக்கும் கட்டியும் பனிக்கட்டி! ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். இந்தக் கட்டுரையில் நான் பனி என்று எழுதும்போது, இமயமலையில் வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழும் வெண்பனியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனியையே பார்க்காத டீச்சர் பனிச்சரிவைப் பற்றி எழுதலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் ராணுவத்தில் சேர்ந்தான். காஷ்மீரில் மிக உயரமான ஓர் இடத்தில் இரண்டு குளிர்காலம் காவல் வேலை பார்த்தான். விடுமுறையில் வரும்போது என்னைப் பார்க்காமல் போகமாட்டான். ஒருநாள் நேராக என் சமையலறைக்குள் வந்து, "டீச்சர், ஒரு தாம்பாளம், கொஞ்சம் சீனி, கொஞ்சம் மைதா மாவு குடுங்க" என்றான். பலகாரம் செய்யப் போகிறான் என்று நினைத்தேன். அவன் பாடம் நடத்தினான்! வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பையன் அவன். அன்று நான் மாணவி.

தாம்பாளத்தில் ஒரு பனிமலை

நீங்களும் செய்து பாருங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான்! ஒரு தாம்பாளத்தில் சொரசொரப்பான துணியை விரித்து, அதன்மேல் மைதா மாவை விரல் கனத்துக்குப் பரப்பி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். இப்போது தாம்பாளத்தின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். கோணமானியைப் பக்கத்தில் வைத்து, எத்தனை டிகிரியில் மாவு நழுவுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, துணியின்மேல் முதலில் சீனியைப் பரப்பி, அதன்மேல் மாவைப் பரப்பி அழுத்தி, மறுபடியும் தூக்கிப் பாருங்கள். இரண்டு கோணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே விஷயம் புரியும். மாவு தூள் தூளாக உதிர்கிறதா, பாளம் பாளமாகப் பிளந்து இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். (வேலை முடிந்ததும் சல்லடையில் சலித்தால் மாவும் சீனியும் தனித்தனியாக வந்துவிடும். அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம்!)

மலையில் நடப்பதும் இதுதான். பனி ஒரே நாளில் பெய்து முடிவதில்லை. நவம்பரில் ஒரு அடுக்கு, டிசம்பரில் ஒரு அடுக்கு, ஜனவரியில் இன்னும் இரண்டு என்று, தோசைமேல் தோசை அடுக்கியது போல ஏறிக்கொண்டே போகும். எல்லா அடுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில அடுக்குகள் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும். சில அடுக்குகள் சீனி போல ஒட்டாமல் உதிரியாக நிற்கும். அந்த உதிரி அடுக்குக்கு மேலே கனமான பாளம் உட்கார்ந்தால் ஆபத்து தயார். பார்ப்பதற்கோ மேலே வெள்ளை வெளேர் என்று, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருக்கும். அடியில் இருக்கும் சீனி கண்ணுக்குத் தெரியாது.

பனி எப்படிச் சீனி ஆகிறது? இது மிகவும் சுவையான அறிவியல். பனிப் போர்வைக்கு அடியில் உள்ள தரை அவ்வளவாகக் குளிராது. அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 0 டிகிரி செல்சியஸ்தான். மேலேயோ, மேகம் இல்லாத இரவில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று குளிர் வாட்டும். அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, வழியில் உள்ள பனித்துகள்களின்மேல் படிந்து உறையும். மென்மையான பஞ்சு போல இருந்த துகள்கள் நாளடைவில் பட்டை தீட்டிய மணிகளாக மாறிவிடும். பட்டை தீட்டிய மணிகள் ஒன்றோடொன்று ஒட்டுமா? ஒட்டாது. போர்வை மெல்லியதாக இருந்தால் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே, "இந்த ஆண்டு பனி குறைவு, பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு வகையும் உண்டு. தெளிவான, காற்று வீசாத இரவில் பனியின் மேல்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் முளைக்கும். நம் ஊட்டி உறைபனியின் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயிலில் வைரம் போல மின்னும். அடுத்த பனி பெய்து அதை மூடிவிட்டால், அந்த அழகு இறகுகளே கண்ணுக்குத் தெரியாத வழுக்குப் பாதை ஆகிவிடும். வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

எதற்காகக் காத்திருக்கும்? யாராவது வந்து மிதிப்பதற்காக!

கத்தினால் பனி விழுமா?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கதாநாயகன் மலையில் நின்று உரக்கக் கத்துவான். உடனே எதிர்மலை இடிந்து விழும். இது வெறும் கற்பனை. மனிதக் குரலுக்குப் பனியை நழுவவைக்கும் சக்தி கிடையாது. ஆனால் மனிதக் காலுக்கு உண்டு! பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களும் மலையேறுகிறவர்களும் சிக்கிய விபத்துகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் சரிவைக் கிளப்பியது சிக்கிய ஆளோ, அவரோடு வந்த ஆளோதான் என்று தெரியவந்தது. ஒரு மனிதரின் எடை அடியில் உள்ள உதிரி அடுக்கை உடைத்துவிடுகிறது. உடைப்பு மின்னல் போல நாலாபக்கமும் பரவுகிறது. சரிவு முழுவதும் ஒரே பாளமாகக் கழன்றுவிடுகிறது. ஐந்தாறு நொடிகளில் அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அதாவது எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகம். புகைமேகம் போலக் கிளம்பும் பெரிய சரிவுகள் 300 கிலோமீட்டர் வேகம்கூட எட்டும்.

ஆக, பனிச்சரிவு என்பது புலி போலப் பதுங்கி இருந்து நம்மைத் தேடி வருவதில்லை. பெரும்பாலும் நாம்தான் போய்த் தட்டி எழுப்புகிறோம். மாணவன் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நாம் எழுப்புவதாக இருந்தால், எழுப்பாமல் இருக்கவும் நம்மால் முடியும் அல்லவா?

அதற்கு முதல் கருவி உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸிலேயே இருக்கிறது. இரண்டு மூலைமட்டங்களையும் எடுங்கள். ஒன்றில் 45 டிகிரி மூலை இருக்கும். மற்றொன்றில் 30 டிகிரி மூலை இருக்கும். இரண்டையும் மேஜைமேல் நிறுத்திப் பாருங்கள். இந்த இரண்டு சாய்வுகளுக்கு நடுவில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன! 30 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் பனி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். மிகவும் செங்குத்தாக இருந்தால் பனி அதிகம் தங்குவதே இல்லை. பெய்யப் பெய்ய உதிர்ந்துவிடும். நம் வீட்டு மாடிப்படிகளின் சாய்வு ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி. அந்தச் சாய்வுதான் ஏறுவதற்கும் சறுக்குவதற்கும் ஆசையாக இருக்கும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. மலையேறுபவர்கள் சாய்வை அளக்கும் சிறிய கருவியைக் கையோடு கொண்டுபோகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருக்கலாம். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? மேலே 40 டிகிரிச் சரிவு இருந்தால், அது நழுவும்போது கீழே சமதளத்தில் நிற்பவரிடம் கோணம் கேட்டுக்கொண்டிருக்காது.

மலை கொடுக்கும் குறிப்புகள்

மலை முன்கூட்டியே சில குறிப்புகள் கொடுக்கும். பக்கத்துச் சரிவில் நேற்றோ இன்றோ பனி நழுவிய தடம் இருந்தால், இந்தச் சரிவும் அதற்குத் தயார் என்று பொருள். நடக்கும்போது காலடியில் 'வூம்ப்' என்று அடிவயிற்றைக் கலக்கும் சத்தம் கேட்டால், அடியில் உதிரி அடுக்கு நொறுங்குகிறது என்று பொருள். "பெரிய அரிசி மூட்டையைத் தரையில போட்டா வரும் பாருங்க, அந்த மாதிரி டீச்சர்" என்றான் மாணவன். காலிலிருந்து கண்ணாடி விரிசல் போலக் கோடு ஓடினாலும் அதே எச்சரிக்கைதான். நிறைய பனி பெய்து முடிந்த முதல் இருபத்துநான்கு மணி நேரம், திடீரென்று வெயில் ஏறும் நாள், பனிமேல் மழை பெய்யும் நாள் எல்லாமே மோசமானவை.

இவற்றைவிடத் தந்திரக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் காற்று. வானம் நீலமாக இருக்கும், ஒரு துகள் பனிகூடப் பெய்யாது. ஆனால் காற்று மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரி, முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். காற்று அடிக்கும் பக்கம் மொட்டையாகவும், மறைவான பக்கம் தலையணை போல மெத்தென்றும் இருக்கும். "குளிர்காற்று அடிக்கிறதே, மறைவான பக்கமாகப் போகலாம்" என்று தோன்றுவது இயல்பு. அந்தத் தலையணைதான் ஆபத்தான பாளம்!

சந்தேகம் இருந்தால் குழி வெட்டிப் பார்க்கிறார்கள். பனியில் ஆளுயரக் குழி வெட்டினால், சுவரில் அடுக்குகள் கேக் வெட்டியது போலத் தெரியும். முப்பது சென்டிமீட்டர் அகல நீளத்தில் ஒரு தூணைத் தனியாகச் செதுக்கி, அதன்மேல் மண்வெட்டியின் தட்டை வைத்துத் தட்டுவார்கள். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. பிறகு முழங்கையிலிருந்து பத்து. கடைசியாகத் தோளிலிருந்து பத்து. மணிக்கட்டுத் தட்டிலேயே தூண் துண்டாக நழுவினால், மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான். நழுவவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. பத்தடி தள்ளி வேறு மாதிரி இருக்கலாம். ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. மலைக்குச் சரிவராது!

எல்லோரும் குழி வெட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக அரசாங்கமே இந்த வேலையைச் செய்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டில் தாவோஸ் என்ற ஊருக்கு மேலே உள்ள மலையில் 1936-ஆம் ஆண்டிலிருந்தே பனி ஆராய்ச்சி நடக்கிறது. நம் நாட்டிலும் 1969-இல் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020-இல் அது பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் வேறொரு கூடத்தோடு இணைந்து புதிய நிறுவனம் ஆயிற்று. சண்டிகரில் இருக்கும் இந்த நிறுவனம் காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் மலைகளுக்குக் குளிர்காலத்தில் எச்சரிக்கை வெளியிடுகிறது.

ஐரோப்பாவில் 1993-இலிருந்து ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுச் சொல்கிறார்கள். ஒன்று என்றால் ஆபத்து குறைவு. ஐந்து என்றால் மிக மிக அதிகம். இப்போது ஒரு கேள்வி. மலையில் உயிரிழப்பு அதிகம் நடப்பது எந்த எண் போட்ட நாளில்? ஐந்து என்பீர்கள். இல்லை! சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ பாதி உயிரிழப்புகள் மூன்றாம் எண் நாளில்தான். ஐந்து என்றால் எல்லோரும் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால், "ஐந்துக்கு மூன்றுதானே, நடுத்தரம்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று என்றால், ஒரே ஓர் ஆள் மிதித்தாலே பனி நழுவக்கூடும் என்று பொருள். முப்பத்தைந்து மார்க் எடுத்துவிட்டுப் பாஸ் பாஸ் என்று குதித்த பிள்ளைகளை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

காஷ்மீரில் குல்மார்க் என்ற ஊர் இருக்கிறது. தொங்கும் ரோப்கார் பெட்டியில் ஏறி அபர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரம் வரை போகலாம். பனிச்சறுக்குக்காக வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள். பாதுகாப்புக் குழுவினர் கவனித்துக்கொள்ளும் பகுதி ஒரு எல்லை வரைதான். அதைத் தாண்டினால் யாருடைய காவலும் இல்லாத காட்டுப்பனி. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அபர்வாட் மலையில் ஒரு குழு சறுக்கிக்கொண்டிருந்தபோது சரிவு ஏற்பட்டு, போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள். மற்றவர்களை மீட்டுவிட்டார்கள்.

பத்தே நிமிடம்

சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? ஓடும்போது பனி தண்ணீர் போல ஓடுகிறது. நின்றவுடன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கான்கிரீட் போல இறுகிவிடுகிறது. புதைந்தவரால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாது. மேல் எது, கீழ் எது என்றுகூடத் தெரியாது. ஆகவே சரிவு வேகம் குறையும் அந்தக் கடைசி நொடிகளில், கைகளை முகத்துக்கு முன்னால் குவித்து, மூச்சு விடக் கொஞ்சம் இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் நடந்த விபத்துகளைக் கணக்கெடுத்து 2024-இல் ஓர் ஆய்வு வெளியானது. பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். அரைமணி நேரம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேர்தான். ஊருக்குப் போய் உதவி அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் வந்த கூட்டாளிதான்!

அதனால் குழுவில் ஒவ்வொருவரும் மூன்று பொருள்களைச் சுமக்க வேண்டும். முதலாவது, சோப்பு டப்பா அளவுள்ள ஒரு சிறிய ரேடியோ கருவி. மேல் சட்டைக்கு உள்ளே, உடம்போடு வாரால் கட்டிக்கொள்வார்கள். கிளம்பும்போதே அதை முடுக்கிவிட்டால், சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறை 'டிக், டிக்' என்று சைகை அனுப்பிக்கொண்டே இருக்கும். உலகம் முழுவதும் ஒரே அலைவரிசைதான், 457 கிலோஹெர்ட்ஸ். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் 'தேடு' என்ற நிலைக்கு மாற்றிக்கொண்டு நடப்பார்கள். கிட்டே போகப் போகத் திரையில் எண் குறையும். கண்ணாமூச்சியில் "சூடு... சூடு... ரொம்பச் சூடு!" என்று சொல்வோமே, அதேதான். இரண்டாவது, மடித்து வைக்கும் நீளமான கம்பி. பிரித்தால் ஆள் உயரத்தைவிட நீளும். அதைப் பனியில் குத்திக் குத்தி ஆள் இருக்கும் இடத்தை உறுதி செய்வார்கள். மூன்றாவது மண்வெட்டி. வெறும் கையால் கான்கிரீட்டைத் தோண்ட முடியுமா?

இப்போது காற்றுப்பை வைத்த முதுகுப் பைகளும் வந்துவிட்டன. கைப்பிடியை இழுத்தால் பெரிய பலூன் உப்பும். பலூன் எதற்கு? உங்கள் வீட்டு மிக்சர் டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள். பொடி அடியில் போய்விடும், வேர்க்கடலை மேலே வந்துவிடும். ஓடும் பனியிலும் பெரிய பொருள் மேலே ஒதுங்கும். பலூன் மனிதரை வேர்க்கடலை ஆக்குகிறது! ஆனாலும் பாறையில் மோதினாலோ மரத்தில் அடிபட்டாலோ பலூன் காப்பாற்றாது.

சில சமயம் கணக்குகளை மீறியும் நடப்பது உண்டு. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சின் பனிப்பகுதியில், சுமார் 19,600 அடி உயரத்தில், மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன் வீரர்கள் பத்துப் பேர் இருந்த முகாமின்மேல் பனி சரிந்தது. அவர்களில் நான்கு பேர் நம் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள். அங்கே அவர்கள் எதையும் மிதிக்கவில்லை. நாட்டுக்காகக் காவல் இருந்த இடத்திலேயே பனி வந்து மூடிற்று. டாட், மிஷா என்ற மோப்ப நாய்களோடும், பனியை அறுக்கும் கருவிகளோடும் வீரர்கள் இரவு பகலாகத் தேடினார்கள். ஆறாம் நாள், 25 அடிக்கும் ஆழத்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு இருந்தார்! நசுங்கிய கூடாரத்துக்குள் சிக்கியிருந்த காற்று அவரை வாழவைத்திருந்தது. நாடே அவருக்காக வேண்டிக்கொண்டது. எங்கள் தெருவில் டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானார். பத்துப் பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

2025 பிப்ரவரி 28-ஆம் தேதி உத்தராகண்டில், பத்ரிநாத் கோயிலுக்கு அருகில் உள்ள மானா கிராமத்தில் சாலைப் பணியாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். அவர்களில் பலர் தங்கியிருந்தது இரும்புக் கன்டெய்னர்களில். அந்தப் பெட்டிகள் பலருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தன. 46 பேர் பிழைத்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள்.

ஒரு காதுகுத்து

மலையில் வாழும் மக்களுக்குப் பனியில் நடப்பது விளையாட்டு அல்ல. இமாச்சலத்தில் லாஹௌல் பள்ளத்தாக்கு மக்கள், 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கும்வரை, குளிர்காலத்தில் மருத்துவமனைக்கோ தேர்வுக்கோ அவசரமாகப் போக வேண்டுமானால், 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயை நடந்தே கடந்திருக்கிறார்கள். பொழுது விடியும் முன்பே இருட்டில் கிளம்புவார்கள். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும். வெயில் ஏறினால் இளகிவிடும். கணவாயின் இரண்டு பக்கமும், மர்ஹியிலும் கோக்சரிலும், அரசாங்கம் மீட்பு முகாம்கள் வைத்திருந்தது.

என் மாணவனும் அப்படித்தான் நடந்திருக்கிறான். ஆபத்தான சரிவைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் அக்கரை சேர்ந்த பிறகே அடுத்தவர் கால் வைப்பார். மற்றவர்கள் கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியாக அவரைப் பார்த்த இடம் எது என்று தெரிந்தால்தான் தேட முடியும்.

ஒரு தை மாதம் அவனுக்கு விடுமுறை கிடைத்தது. அவன் அக்காள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அவன்தான். குழந்தையை அவன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். சீர்வரிசைக்குக்கூடப் பணம் அனுப்பிவிட்டான். அவனுடைய காவல் சாவடிக்கும், கீழே இறங்கும் பாதைக்கும் நடுவில் ஒரே ஒரு சரிவு. கடக்க இருபது நிமிடம் போதும். முதல் நாள் இரவு முழுவதும் பனி பெய்து, காலையில் காற்றும் அடித்திருந்தது. சுபேதார் பார்த்துவிட்டு, "இன்று இல்லை" என்றார். மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் வானம் கண்ணாடி போல இருந்தது. அவன் கெஞ்சியிருக்கிறான். "இன்றும் இல்லை" என்றுவிட்டார். நான்காம் நாள் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பிக் கடந்தார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் காதுகுத்து முடிந்துவிட்டது. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அவன் அக்காள் மூன்று மாதம் அவனோடு பேசவில்லை.

"அந்தச் சரிவு விழுந்துச்சாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். அந்த வருஷம் முழுக்க விழவே இல்ல" என்றான்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனே சொன்னான். "அதான் டீச்சர் கஷ்டம். பரீட்சைன்னா பேப்பர் திருத்திக் குடுத்துடுவீங்க, எது தப்புன்னு தெரிஞ்சிடும். மலை பேப்பர் குடுக்காது. அன்னிக்கு நான் போயிருந்தா தாண்டியிருப்பேனா, புதைஞ்சிருப்பேனான்னு இன்னிக்கும் தெரியாது. தப்பா போய், தப்பிச்சு வந்துட்டா, நாம சரியாத்தான் பண்ணினோம்னு மனசு நம்பிடும். அடுத்த தடவையும் அப்படியே போவோம். சுபேதார் ஐயாவுக்கு இருபது வருஷ சர்வீஸ். எத்தனையோ தடவை திரும்பியிருக்காராம். அதுல பாதி வீணாத்தான் இருக்கும்னு அவரே சொல்வார். எந்தப் பாதின்னுதான் தெரியாதாம்!"

மாவையும் சீனியையும் சலித்துக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பினான். அக்காள் இப்போது பேசுகிறாராம். அந்தக் குட்டிப்பெண் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். "என் காதுகுத்துக்கு ஏன் மாமா வரல?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஞாயிறுதோறும் இந்தச் சிறுவர் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் அவள் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த வாரமும் படிப்பாள்.